சீருடையைக் கழற்றிய பிறகு
செபராங் பிறைத் தமிழர் வரலாறு – 19

ஜுரு டோல் சாவடியில் லாரிகள் விடிய விடிய நின்று நின்று நகரும். அந்தச் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு கடைவரிசை. ராத்திரி பத்து மணிக்குக் கடைசிக் கடையும் கதவை இழுத்துச் சாத்திய பிறகு, அதன் அஞ்சடியில், கடை முன்னிருக்கும் நடைபாதையில், ஒரு பெரியவர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிப்பார். எழுபதைத் தாண்டியவர். காலை ஐந்தரைக்கெல்லாம் எழுந்துவிடுவார். எழுந்ததும் கம்பளியை மடிப்பார். அதை நான் இரண்டு மூன்று முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நான்கு மூலையும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்காரும். கையால் ஒருமுறை அழுத்தித் தேய்ப்பார். பிறகு மறுமடிப்பு, மறுபடி தேய்ப்பு. கடைசியில் ஒரு நூல்கூட வெளியே தெரியாமல் செங்கல்லைப் போல ஒரு சதுரக் கட்டு. முகாமில் கட்டிலின் தலைமாட்டில் அப்படித்தான் வைக்க வேண்டுமாம்.

சென்ற வாரம் தோட்டத்து லயங்களைப் பற்றி எழுதியபோது, லயத்தை விட்டுப் பட்டாளத்துக்குப் போன பிள்ளைகளைப் பிறகு சொல்கிறேன் என்று நிறுத்தியிருந்தேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் இவர்.

"எத்தன வருசம் இருந்தீங்கய்யா?"

"பதிமூணு வருசம், தம்பி. கிரிக் காடு, குபிர் காடு, எல்லாம் பாத்தாச்சு."

"பென்சன் வருதா?"

"பதிமூணுக்கு ஏது பென்சன்? இருபத்தோரு வருசம் இருக்கணும்ல."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் விடை சொல்வதுபோலச் சொன்னார். பிளாஸ்டிக் உறையிலிருந்து பழுப்பேறிய ஒரு தாளை எடுத்துக் காட்டினார். பணி விடுவிப்புச் சான்று. மடிப்புகளில் கிழிந்து, கிழிந்த இடங்களில் ஒட்டுநாடா போட்டிருந்தது. ராணுவ எண்ணை அந்தத் தாளைப் பார்க்காமலே சொன்னார்.

நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கியவருக்கு வேலையும் கூரையும் தேடித் தருவது யார் பொறுப்பு என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பினாங்கில் தமிழன் பாதம் பட்ட நாளிலிருந்தே அது இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

*

ஜார்ஜ்டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் 'சிப்பாய் லைன்ஸ்' என்றொரு சாலை இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றுகிற அவசரத்தில் அந்தப் பெயர்ப் பலகையை யாரும் நின்று படிப்பதில்லை. 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடி ஏற்றியபோதே அவரோடு சிப்பாய்களும் வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி பட்டாளங்கள் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்று ஊர்களுக்கும் முறைவைத்துக் காவலுக்கு வந்தன. 1831-32-இல் மலாக்காவை ஒட்டிய நானிங்கில் நடந்த சண்டையிலும் மதராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள். வேலூர், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு அந்த நாளில் இந்தக் கரையில் கேட்டிருக்கும்.

'லைன்ஸ்' என்பது பட்டாளத்துச் சொல். சிப்பாய்கள் குடியிருந்த வரிசைக் கொட்டகைகளுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். பிறகு புரோவின்ஸ் வெல்லஸ்லியில், அதாவது இன்றைய நம் செபராங் பிறையில், கரும்புத் தோட்டம் போட்ட துரைமார் கூலிகளுக்கு வரிசை வீடு கட்டினார்கள். அதற்கும் அதே பெயர்தான். நம் ஆட்கள் வாயில் அது லயன் ஆயிற்று, லயம் ஆயிற்று. சிப்பாய்க்கும் கூலிக்கும் ஒரே சொல்லில் வீடு கிடைத்திருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் ஒரு நிபந்தனையும் இருந்தது. கூரை வேலையோடு ஒட்டியது. வேலை நின்ற அன்று கூரையும் நிற்கும்.

இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இருநூறு ஆண்டுக் கதையும் இந்தக் கண்ணியில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. வங்காளப் படையில் 1780-களிலேயே, வயதாலும் காயத்தாலும் தளர்ந்த சிப்பாய்களுக்குப் பீகார்ப் பகுதியில் நிலம் பிரித்துக் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். கருணை ஒரு பக்கம். சும்மா விட்டால் ஆயுதம் பழகிய கை வேறு யார் பக்கமாவது போய்விடும் என்ற கவலை இன்னொரு பக்கம். எது எப்படியோ, வேலையையும் வீட்டையும் ஒரே கையால் கொடுத்த ஏற்பாடு அது. உழுது பிழைக்கவும் நிலம், குடிசை போடவும் அதே நிலம். மதராஸ் சிப்பாய் பினாங்கில் இருந்த காலத்தில் அவன் சம்பளத்தில் ஒரு பங்கை ஊரிலிருந்த குடும்பத்துக்குக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. ஓய்வு பெற்றதும் அவனும் பெரும்பாலும் ஊரைப் பார்த்துத்தான் போனான். அவன் சீருடையைக் கழற்றிய இடம் தமிழ்நாடு. அதனால் இந்தக் கரைக்கு அது ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே சீருடை போட்டு, இங்கேயே கழற்ற வேண்டிய தலைமுறை வந்தபோதுதான் தெரிந்தது.

*

அந்தத் தலைமுறையின் கதை 1941 டிசம்பரில் தொடங்குகிறது.

டிசம்பர் 11-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மேல் குண்டு போட்டன. அடுத்த ஒரு வாரத்துக்குள் பிரிட்டிஷ்காரர்கள் பினாங்கை விட்டு இரவோடு இரவாக வெளியேறினார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த யூனியன் ஜாக் கொடியை இறக்கியவர் ஒரு தமிழர். ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர், இலங்கையிலிருந்து வந்த எம். சரவணமுத்து. படை இல்லாத ஊரில் கொடி மட்டும் பறந்தால் மறுபடி குண்டு விழும் என்றுதான் இறக்கினார்.

அப்போது இங்கே தொண்டர் படை ஒன்று இருந்தது. ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் வாலண்டியர் ஃபோர்ஸின் மூன்றாவது பட்டாளம், பினாங்கு–புரோவின்ஸ் வெல்லஸ்லி தொண்டர்களுடையது. குமாஸ்தா, வாத்தியார், ரயில்வே ஊழியர் என்று பகலில் வேலை பார்த்து மாலையில் கவாத்து பழகியவர்கள். ஆசியத் தொண்டர்கள் பலர் குடும்பத்தை விட்டுப் போகாமல் இங்கேயே தங்கினார்கள். முந்தின வாரம் பெருமையாக இருந்த சீருடை, அந்த வாரம் வீட்டுக்குள் இருந்தால் தலைக்கு ஆபத்து.

வடக்கே ஜித்ராவில் பிரிட்டிஷ் படை சிதறியது. அதில் சிக்கிய இந்தியச் சிப்பாய்களிலிருந்துதான் கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்தின் முதல் அணியைத் திரட்டினார். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்த பிறகு அது தோட்டத்து வாசல்வரை வந்தது. பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த பையன்களும் பெண்களும் வரிசையில் நின்றார்கள். நாட்டுப் பற்று இருந்தது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பசியும் இருந்தது. சயாம் ரயில் பாதை போட ஜப்பானியர் லாரியில் ஆள் பிடித்துக்கொண்டு போன காலம் அது. பட்டாளத்தில் சேர்ந்தால் அந்த லாரியில் ஏற வேண்டியதில்லை என்ற கணக்கும் பல குடும்பங்களில் இருந்தது. இதைச் சொன்னால் தியாகத்துக்குக் குறை வந்துவிடாது.

1945 ஆகஸ்டில் எல்லாம் முடிந்தது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்து வந்தவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பி வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். கறுப்பில் விழுந்தவர்களுக்கு வேலை நீக்கம், சம்பள பாக்கியும் போயிற்று. மலாயாவில் தோட்டத்திலிருந்து சேர்ந்தவர்களை அப்படிப் பிரிக்கக்கூட யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை. எந்த அரசாங்கத்தின் பதிவேட்டிலும் அவர்கள் சிப்பாய்கள் இல்லை. காக்கிக் கால்சட்டையோடு லயத்துக்குத் திரும்பி நடந்தார்கள். லயத்தில் இடம் வேண்டுமென்றால் மறுபடி பால் வெட்டும் உளியை எடுக்க வேண்டும். எடுத்தார்கள்.

1946 மார்ச்சில் நேரு மலாயாவுக்கு வந்தார். காங்கிரஸின் மருத்துவக் குழு ஒன்றும் அந்த ஆண்டு வந்து தோட்டங்களில் வைத்தியம் பார்த்தது. ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. அதன் முதல் தலைவர் ஜான் திவி, போஸின் இயக்கத்தில் இருந்தவர். தலைவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது. சாதாரணச் சிப்பாய்க்கு?

இங்கேதான் நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்று வருகிறது. ஜுருவிலிருந்து வடக்கே, கெடாவில் பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டம். அங்கே ஏ.எம். சாமி என்ற லாரி ஓட்டுநர் 1946-இல் தொண்டர் படை ஒன்றைக் கட்டினார். கவாத்து, அணிவகுப்பு, ஒழுங்கு. தேசிய ராணுவத்தில் இருந்து வந்தவர்களும் அதில் சேர்ந்தார்கள். கள்ளுக்கடைக்கு முன்னால் மறியல் செய்தார்கள். கூலியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். 1947-இல் போலீஸ் அதை அடக்கியது. துப்பாக்கியும் வெடித்தது. தொண்டர் படையைக் கள் எதிர்ப்பு இயக்கம் என்று மட்டுமே பாடப் புத்தக நடையில் சொல்லிவிட்டுப் போகிறோம். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. பட்டாளப் பழக்கம் உடம்பில் ஊறியவர்களுக்கு, ஊர் திரும்பிய பிறகு யாரும் ஒரு வேலை வைத்திருக்கவில்லை. அந்த வேலையை அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

*

அதே ஆண்டுகளில் கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு ஆள் கொடுத்ததில் பஞ்சாபுக்கு அடுத்து நின்றது சென்னை மாகாணம். போர் முடிந்து கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பியபோது, அவர்களைக் குடியமர்த்தப் புனரமைப்பு நிதி ஒன்று இருந்தது. மாகாண அரசு வயநாட்டில் (அன்று அது சென்னை மாகாணத்து மலபார் மாவட்டம்) காட்டைத் திருத்தி முன்னாள் சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்தது. அம்பலவயலில் இன்று இருக்கிற விவசாய ஆராய்ச்சி நிலையம் அந்தக் குடியேற்றத்துக்காகத் தொடங்கியதுதான். மலேரியாவோடு மல்லுக்கட்டியபடி மிளகும் காப்பியும் வைத்தார்கள். கும்பினி காலத்து யோசனையின் மறுபிறப்பு என்று சொல்லலாம். தொழிலும் தலைக்குமேல் கூரையும் ஒரே நிலத்தில்.

இன்றைய தமிழ்நாட்டிலும் அந்தச் சரடு அறுந்துவிடவில்லை. டிசம்பர் 7 கொடிநாள், 1949-இலிருந்து. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். 2024 சுதந்திர தின உரையில் அறிவித்து 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில், தொழில் தொடங்கும் முன்னாள் வீரருக்கு ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம். நல்ல திட்டம். ஆனால் வங்கி வாசல்படி ஏறுகிறவருக்குத்தான் அது எட்டும். அஞ்சடியில் படுத்திருப்பவர் வங்கிப் படி ஏறினால் காவலர் என்ன கேட்பார் என்று நமக்குத் தெரியும்.

*

மலாயாவுக்குத் திரும்புவோம். கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், 1952-இல், ஃபெடரேஷன் ரெஜிமென்ட் உருவாயிற்று. மலாய், சீன, இந்திய இளைஞர்கள் ஒரே பட்டாளத்தில். தோட்டத்துப் பையனுக்கு முதல் தடவையாக, துரையின் சிபாரிசு இல்லாத ஒரு மாதச் சம்பளம் திறந்தது. மேலே போனவர்களும் உண்டு. கே. தனபாலசிங்கம் 1967-இல் முப்பத்தொரு வயதில் மலேசியக் கடற்படைத் தளபதி ஆனார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் மலேசியர் அவர்தான். அந்தச் செய்தி தோட்டத்துக் காப்பிக் கடைகளில் எத்தனை பையன்களின் முதுகை நிமிர்த்தியிருக்கும்!

1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவோடு மோதல். 1968-இல் கம்யூனிஸ்டுகளோடு காட்டுச் சண்டை மறுபடி மூண்டது. 1989 டிசம்பர் 2-ஆம் தேதி ஹாட்யாயில் ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை அது ஓயவில்லை. நம் அஞ்சடிப் பெரியவரின் பதிமூன்று ஆண்டுகளும் இந்த இருபத்தொன்றுக்குள் அடங்கியவை. கிரிக் காட்டில் கண்ணிவெடிக்குப் பயந்து முன்னால் போகிறவனின் காலடித் தடத்திலேயே கால் வைத்து நடந்ததை அவர் சொல்லும்போது, அஞ்சடித் தரையில் விரலால் தடம் போட்டுக் காட்டினார்.

அரசாங்கம் கைகட்டி நிற்கவில்லை. 1972-இல் ராணுவ வீரர்களுக்கான சேமநிதி வாரியம், எல்.டி.ஏ.டி., வந்தது. சாதாரண வீரரின் சம்பளத்தில் பத்து சதவீதம், அரசின் பங்கு பதினைந்து சதவீதம். வெளியே வரும்போது கையில் ஒரு மொத்தத் தொகை. சுங்கை பூலோவில் பெர்ஹெபாட் என்ற பயிற்சி நிறுவனம், பணி முடியப்போகும் வீரருக்கு வெல்டிங், வாகனம், குளிர்சாதனப் பழுது, சிறு வியாபாரம் என்று ஏதாவது ஒரு கைத்தொழில் கற்றுக் கொடுக்கிறது. தற்காப்பு அமைச்சின்கீழ் முன்னாள் வீரர் விவகார இலாகா இருக்கிறது. 2012-இல் அவர்களுக்கென்றே ஒரு சட்டமும் வந்தது, வெட்டரன் சட்டம், எண் 740. ஜூலை 31 வீரர் தினம். இத்தனையும் உண்மை. இவற்றால் நிமிர்ந்த குடும்பங்களை ஜுருவிலும் சிம்பாங் அம்பாட்டிலும் நானே கைகாட்ட முடியும்.

பிறகு ஏன் ஒருவர் அஞ்சடியில் கம்பளி மடிக்கிறார்?

அவரிடமே கேட்டேன். ஒரே மூச்சில் சொல்லவில்லை. நாலைந்து காலைகளில், தே தாரிக் ஆறும் நேரத்தில், துண்டு துண்டாகச் சொன்னார். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வடிவம் தெரிகிறது. அந்த வடிவம் அவர் ஒருவருடையது மட்டுமல்ல என்பதால் எழுதுகிறேன்.

பிறந்தது லயத்தில். அப்பா அம்மா பால் வெட்டினார்கள். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பட்டாளத்தில் சேர்ந்தார். கல்யாணம் ஆனதும் முகாமுக்குள் குடும்பக் குடியிருப்பு கிடைத்தது. வீடு ராணுவத்துக்குச் சொந்தம். பதிமூன்று ஆண்டுகள் கழித்து வெளியே வந்தபோது கையில் சேமநிதிப் பணம் இருந்தது, சாவி இல்லை. ஊருக்குப் போகலாம் என்றால் தோட்டம் கைமாறிக்கொண்டிருந்தது.

செபராங் பிறையில் அந்தக் காலம் எப்படியிருந்தது என்று இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1969-இல் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் வந்தது. எழுபதுகளில் பிறையில் தொழிற்பேட்டை விரிந்தது. ஜுரு ஆறு கறுத்தது, கோலா ஜுரு மீனவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு நியாயம் கேட்டு நின்றார்கள். 1985-இல் தீவுக்குப் பாலம் திறந்தது. நிலத்துக்கு விலை ஏற ஏற, தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலையாகவும் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதியாகவும் மாறின. அப்பா அம்மாவுக்கு வேலை நின்றது, லயமும் நின்றது. மகனுக்கு முகாம் நின்றது. ஒரு குடும்பத்தின் இரண்டு தலைமுறையும் பத்தாண்டுக்குள், ஒரே காரணத்தால், தெருவுக்கு வந்தன. இரண்டு கூரையும் வேலையோடு ஒட்டியிருந்தன என்பதே அந்தக் காரணம்.

சேமநிதிப் பணம் அப்பாவின் வைத்தியத்துக்கும் ஒரு பழைய வேனுக்கும் போயிற்று. வேன் ஓடியது, நின்றது. பிறையில் ஒரு தொழிற்சாலை. அது மூடியபிறகு ஜாகா, அதாவது காவல்காரர் வேலை. முன்னாள் பட்டாளத்துக்காரருக்கு இந்த ஊர் எப்போதும் கொடுக்கத் தயாராக இருக்கிற வேலை அது. அறுபதைத் தாண்டியதும் அந்த இடத்துக்கு நேப்பாளத்து முன்னாள் ராணுவத்தினர் வந்தார்கள். அவர்களும் சீருடையைக் கழற்றிவிட்டுக் கடல் தாண்டி வந்தவர்கள்தான், அவர்கள்மேல் இவருக்கு வருத்தமில்லை. மனைவி போனபிறகு வாடகை அறையை விட்டார். மகள் எங்கே என்று கேட்டேன். தே தாரிக் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

*

உலகத்திலேயே பணக்கார ராணுவத்தை வைத்திருக்கிற அமெரிக்காவும் இதே பாடத்தைத் தட்டுத்தடுமாறித்தான் படித்தது. முதல் உலகப் போரில் சண்டை போட்ட ஆயிரக்கணக்கானோர் 1932-இல், தரவேண்டிய ஊக்கத்தொகையை முன்கூட்டியே தரச்சொல்லி வாஷிங்டனில் தகரமும் அட்டையும் வைத்துக் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். ஜூலை 28-ஆம் தேதி அதே நாட்டு ராணுவம் வந்து அந்தக் குடிசைகளைக் கொளுத்தி விரட்டியது. நடத்தியவர் ஜெனரல் மக்கார்தர். அந்த வெட்கம் அவர்களை விடவில்லை. 1944 ஜூன் 22-இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம், போர் முடியுமுன்பே, படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் வழி வைத்தது. ஆனாலும் வியட்நாமிலிருந்து திரும்பியவர்களில் பலர் எண்பதுகளில் தெருவில் படுத்தார்கள்.

1987-இல் அவர்கள் செய்த ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மெக்கின்னி சட்டத்தின்கீழ், வீடில்லாத முன்னாள் வீரர்களை வேலைக்குத் திருப்பும் மானியத் திட்டம் ஒன்று தொடங்கியது. பணத்தைத் தொழிலாளர் துறை தலைநகரத்து அலுவலகத்தில் வைத்துக்கொண்டு வீரர்களின் விண்ணப்பத்துக்குக் காத்திருக்கவில்லை. அந்தந்த ஊரில் இருக்கிற தொண்டு அமைப்பு, சமயச் சங்கம், வேலைவாய்ப்பு மன்றம் ஆகியவற்றுக்கு மானியமாகக் கொடுத்தது. அவர்கள் பாலத்தடிக்கும் பூங்காவுக்கும் போய் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும், பயிற்சி கொடுக்க வேண்டும், வேலையில் சேர்த்துவிட வேண்டும். பிறகு வீட்டு வாடகைக்குச் சீட்டும் கூடவே துணைக்கு ஒரு நலப் பணியாளரும் தருகிற வேறொரு திட்டம், 2008-இலிருந்து பெரிதாக வளர்ந்தது. 2010 ஜனவரியில் ஒரே இரவில் எண்ணியபோது வீடில்லாத முன்னாள் வீரர்கள் 74,087 பேர். 2024 ஜனவரியில் 32,882. முப்பத்திரண்டாயிரம் பேர் அப்போதும் வீடில்லாமல் இருந்தது அவர்களுக்குத் தலைகுனிவுதான். ஆனால் பாதிக்குமேல் குறைந்தது தானாக நடந்ததல்ல.

நம் நாட்டில் தெருவில் படுத்திருப்பவருக்கென்று இருக்கிற சட்டம் 1977-ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம். அது அவரை அழைத்துப்போய் ஒரு காப்பகத்தில் சேர்க்கும். அவர் முன்னாள் வீரரா என்று அது கேட்பதில்லை. முன்னாள் வீரருக்கு இருக்கிற உதவிகளோ, அவருக்கு வீடு இருக்கிறதா என்று கேட்பதில்லை, இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கின்றன. ஏழை வீரரின் வீட்டைப் பழுது பார்க்க உதவி உண்டு. பழுது பார்க்க முதலில் ஒரு வீடு வேண்டுமே. பயிற்சி சீருடையின் கடைசி மாதங்களில் கிடைக்கிறது. கூரையோ சீருடையைக் கழற்றி இருபது வருடம் கழித்துத்தான் போகிறது. அந்த இருபதாவது வருடத்தில் அவரைத் தேடிப்போக யாருக்கும் மானியம் இல்லை.

என் மனத்தில் இருப்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஆளைத் தேடிப் போகிற பணம் வேண்டும். கோவில் நிர்வாகமும் சுராவ் என்கிற தொழுகைக்கூடமும் முன்னாள் வீரர் சங்கமும் இந்த ஊரில் யார் எங்கே படுக்கிறார் என்பதை எந்த இலாகாவையும்விட நன்றாக அறிந்தவை. ஒரு சிறு மானியத்தை அவர்கள் கையில் கொடுத்து, ஓர் அறையையும் ஒரு வேலையையும் சேர்த்துத் தேடச் சொல்ல வேண்டும். அந்த அறையை வேலையோடு மட்டும் கட்டிவிடக் கூடாது. வேலை போனாலும் ஆறு மாதமாவது கதவுச் சாவி அவர் பையில் இருக்க வேண்டும். லயத்திலும் முகாமிலும் நாம் இழந்தது அந்த ஆறு மாதத்தைத்தான். அதோடு, இருபத்தொன்று என்ற எண்ணுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களின் கணக்கை மறுபடி திறந்து பார்க்க வேண்டும். காட்டில் கண்ணிவெடி, பதிமூன்று வருடக்காரனா இருபத்தொரு வருடக்காரனா என்று கேட்டு வெடிக்கவில்லை.

*

போன மாதம் அவருக்கு ஓர் உதவிப் படிவம் வாங்கிக்கொண்டு போனேன். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து அழுத்தி, பெரிய எழுத்துகளில் எழுதினார். பெயர். அடையாள அட்டை எண். ராணுவ எண். இந்த மூன்றையும் நிறுத்தாமல் எழுதியவர் நாலாவது கட்டத்தில் பேனாவைத் தூக்கிவிட்டார். 'அலாமாட் தெதாப்.' நிரந்தர முகவரி.

"என்ன எழுதட்டும், தம்பி?"

என் வீட்டு முகவரியை எழுதச் சொன்னேன். தலையை ஆட்டினார். "பொய் எழுதி மாட்டிக்கக் கூடாது" என்றார். கொஞ்ச நேரம் டோல் பக்கம் பார்த்தபடி இருந்தார். பிறகு குனிந்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். தான் பிறந்த தோட்டத்தின் பெயர், அதன் கீழே லயத்தின் எண், அதன் கீழே அஞ்சல் எண் 14100, சிம்பாங் அம்பாட்.

அந்த லயம் இருந்த இடத்தில் இன்று ஒரு சரக்குக் கிடங்கு இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அது அவருக்கும் தெரியும். அதற்குப் பக்கத்துச் சாலையில்தான் அவர் கடைசியாக ஜாகா நின்றார்.

(தொடரும்)